பல ஒலியாண்டுகள் வாழ்க

அந்தச் சேருக்கு ஆள் வருதா, அண்ணாச்சி? இல்லியா? அப்ப நான் உக்காந்துக்கிடுதேன். முன்னால இடம் கெடக்குன்னு கை காட்டுதீய, நானும் பாத்தேன். முன்னால வேண்டாம். முன்னால உக்காந்தா அந்த போர்டு கண்ணுல படும். இங்கன தூண் மறைக்கும். இந்தத் தூணுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நீங்க மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா? சாத்தூரா? சந்தோசம். நான் பொண்ணு வீடு. பொண்ணு வீடுன்னா, பொண்ணுக்குத் தகப்பன். அந்தா மேடையில மாலையோட உக்காந்திருக்காள்லா, விண்மதி, எம் மகதான். ஒரே மக. எந்திரிக்காதீய, எந்திரிக்காதீய, உக்காருங்க. பேரு ஆவுடையப்பன். டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். பொண்ணுக்குத் தகப்பன் மேடையில இல்லாம கடைசி வரிசையில தூணுக்குப் பின்னால என்ன செய்தான்னுதான பாக்கீய? சொல்லுதேன். யாருகிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு அடைச்சிரும்.

ஆமா, வெக்கைதான். ஃபேன் சும்மா சுத்துது. என்னது, சூரியன் கிட்ட வந்துட்டா? இல்ல அண்ணாச்சி. ஆனி மாசம்தான் பூமி சூரியன விட்டு ரொம்பத் தள்ளி நிக்கும். வெக்கைக்கும் கிட்ட இருக்குததுக்கும் சம்பந்தமே கிடையாது. அது பூமியோட சாய்வு. விளக்கமாச் சொல்லணும்னா... சரி, அது கெடக்கட்டும். நான் யாரையும் திருத்துத ஆளு கிடையாது. சொன்னாப் புரிஞ்சுக்கிடுத முகமா இருக்கேன்னு சொன்னேன்.

விசயம் இதுதான். எம் மக எங்கூடப் பேசி மூணு மாசம் ஆச்சு. நாளைக்கு ரெண்டு பேரும் பூனாவுக்கு வண்டி ஏறுதாவ, மாப்பிள்ளைக்கு அங்கதான் வேலை. அதுக்குள்ள ஒரு தடவ 'அப்பா'ன்னு கூப்பிட்டுருவாளான்னு பாத்துட்டு இருக்கேன். அதுக்காகத்தான் வாயக் கட்டிட்டு இங்க உக்காந்திருக்கேன். இன்னைக்கு நான் மைக்கத் தொடக் கூடாது. தொட்டா அவ்வளவுதான். செண்பகம் எங்கிட்ட கற்பூரத்துல அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. செண்பகவல்லி, எம் வீட்டுல. கற்பூரங்கது பதங்கமாகுத பொருள், அண்ணாச்சி. கொஞ்ச நேரத்துல இருந்த எடம் தெரியாமப் போயிரும். அதுல அடிச்ச சத்தியத்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? ஆனாலும் நான் மீறல.

தவசிலிங்கத்தத் தெரியும்லா? மாப்பிள்ளைக்கு அப்பா. உங்களுக்கு ஒண்ணுவிட்ட மச்சானா? சரி சரி. அப்ப நான் பாத்துப் பேசுதேன். பாத்துப் பேசுதேன்னா, உண்மையத்தான் பேசுவேன்.

அவரும் நானும் சேந்துதான் இந்தக் கோவில்பட்டியில அறிவியல் ஆர்வலர் மன்றம் ஆரம்பிச்சோம். அது ஆச்சு இருபது வருசம். நான் தலைவர், அவரு செயலாளர். மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில கூட்டம். ஆரம்பத்துல மாடி கொள்ளாத கூட்டம் வந்துது. பெறவு நான் 'ஐயம் தெளிதல்'னு ஒரு பகுதி வச்சேன். யாரு என்ன பேசுனாலும் அதுல உள்ள பிழைய நான் கடைசியில எடுத்துச் சொல்லுவேன். இப்ப ஏழு பேரு இருக்கோம். தரமான ஏழு பேரு.

தவசிக்கும் எனக்கும் வாயத் தொறந்தா 'வே'தான். 'என்னவே ஆவுடையப்பன்'ம்பாரு. 'வாரும்வே தவசி'ம்பேன் நான். அவரு உள்ளூர் கேபிள் டிவியில 'தினம் ஒரு அறிவியல்'னு பேசுவாரு. நான் வீட்டுல உக்காந்து கேட்டு, தப்பெல்லாம் குறிச்சு வச்சு, ஞாயித்துக்கிழமை நேர்ல சொல்லுவேன். 'நீரு ஒரு ஆளுதாம்வே முழுசாக் கேக்கீரு'ன்னு சிரிப்பாரு. அப்பிடி ஒரு சிநேகம். ஒரு நாளு கோவப்பட்டதில்ல.

எங்கிட்ட ஒரு டெலஸ்கோப்பு உண்டு. ஒரு சாயங்காலம் சனிக் கோளக் காட்டுதோம்னு ஊருக்கெல்லாம் சொன்னோம். எங்க ரெண்டு பேரு பிள்ளைகதான் வந்துது. அவரு மகன் நிர்மலு, எம் மக விண்மதி. வரிசையில நிக்க வேற ஆளு இல்ல, அதுனால ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிட்டு நின்னுட்டாவ. அப்பிடியே ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுப் போச்சு. 'சனியப் பாக்கப் போயி சனி பிடிச்சிட்டு'ன்னா செண்பகம். சனி எப்பிடிப் பிடிக்கும்? அது வளையம் போட்ட ஒரு வாயுக் கோள். அதுக்குக் கையா இருக்கு? கேட்டேன். அடுக்களைக்குப் போயிட்டா.

எனக்கும் தவசிக்கும் தலகால் புரியாத சந்தோசம். சாதகம் பாக்கல. நல்ல நேரம் பாக்கல. ஐயர் கிடையாது, மேளம் மட்டும் வச்சுக்கிட்டோம், மேளம் ஒலியியல். தேதி கூட ஞாயித்துக்கிழமைன்னுதான் குறிச்சோம், எல்லாருக்கும் லீவுன்னு. அது வளர்பிறை முகூர்த்தமா இருந்தது தற்செயல். நிகழ்தகவு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் மண்டபம் காலியாத்தான் இருந்துது, ஆனா அது ஆடி பெறந்திரும். ஆடியில காத்து பலமா அடிக்கும் பாத்தீயளா, அலங்காரமெல்லாம் நிக்காது. இல்ல, மண்டபத்துக்குள்ளதான். இருந்தாலும் காத்து காத்துதான.

சிரிக்கீய. காலையில செண்பகத்தோட அண்ணன் மகன் ஒருத்தனும் இப்பிடித்தான் சிரிச்சான். மாடியில பொண்ணு மாப்பிள்ளைக்கு ரூம் குடுத்திருக்காவ, கட்டில வடக்க தலை வச்சாப்புல போட்டிருந்தாவ. நான் போயி திருப்பிப் போட்டேன். 'என்ன மாமா, நீங்களுமா'ங்கான். மூடநம்பிக்கை இல்லடா, காந்தப்புலம்! ரத்தத்துல இரும்புச் சத்து இருக்கா இல்லியா? தவசி கூட ஒரு நா கேட்டாரு, அப்ப நெஞ்சுல காந்தத்த வச்சா ஒட்டுமாவேன்னு. அவருக்கு அடிப்படை கொஞ்சம் பலவீனம்.

சரி, நிச்சயதார்த்தத்துக்கு வாரேன். நீங்க அன்னைக்கு வரலைலா? வந்திருந்தா இம்புட்டும் சொல்ல வேண்டாம்.

பங்குனி மாசம், எங்க வீட்டு மாடி. தட்டு மாத்தியாச்சு. அது வரைக்கும் 'வே'யா இருந்தவரு தட்டு மாத்துன உடனே 'சம்பந்தி'ன்னாரு. 'உக்காருங்க சம்பந்தி, சாப்பிடுங்க சம்பந்தி.' எனக்கே ஒரு மாதிரியா இருந்துது. நானும் 'சரிங்க சம்பந்தி'ன்னேன். அங்க பிடிச்சுது பாருங்க. 'வே'யா இருந்தப்ப ஆயிரம் திருத்தம் சொல்லியிருப்பேன், சிரிச்சுக்கிட்டுப் போயிருவாரு. சம்பந்திக்கு மட்டும் அது ஆகல.

அவரு மைக்கப் பிடிச்சாரு. பொடி மைக்கு, வாடகைக்கு எடுத்தது. 'இந்த ரெண்டு குடும்பத்து உறவு இன்னைக்கு நேத்து உறவு இல்ல. பல ஒளியாண்டுகளுக்கு முன்னாலேயே முடிவான உறவு'ன்னாரு. எல்லாரும் கை தட்டுதாவ. செண்பகம் கண்ணத் தொடைக்கா.

நீங்களே சொல்லுங்க, ஒளியாண்டுன்னா என்ன? காலமா? நீங்களும் அப்பிடித்தான் நெனச்சீயளா? பேர்ல ஆண்டு இருக்கு பாத்தீயளா, அதான் ஆள ஏமாத்துது. ஒளி ஒரு வருசம் நிக்காம ஓடுனா எம்புட்டுப் போகுமோ அதான் ஒளியாண்டு. அது தூரம், அண்ணாச்சி! ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர். 'பல ஒளியாண்டுகளுக்கு முன்னால'ங்கது, 'மூணு கிலோமீட்டருக்கு முன்னால எனக்குக் கல்யாணம் ஆச்சு'ங்க மாதிரி. வேற எவனும் சொன்னா நான் விட்டுருவேன். மன்றத்துச் செயலாளர் சொல்லுதாரு. பக்கத்துல தலைவர் நிக்கேன். சும்மா நின்னா ஊரு என்ன நெனைக்கும்?

மைக்க மெல்ல வாங்குனேன். பிடுங்கல. பிடுங்குனேம்பாவ, பிடுங்கல. 'சம்பந்தி உணர்ச்சிவசத்துல ஒரு சின்னப் பிழை விட்டுட்டாரு'ன்னு ஆரம்பிச்சேன். வெறும் வாய்ல சொன்னா மனசுல நிக்காது, எதையாவது காட்டணும். தாம்பாளத்துல இருந்த லட்டு ஒண்ண எடுத்து, இது சூரியன்னேன். மாப்பிள்ளையோட அத்தைய அடுக்களையில இருந்து ஒரு கடுகு எடுத்து, அதுல பாதிய வச்சுக்கிட்டு படிக்கட்டு ஓரமாப் போயி நிக்கச் சொன்னேன். அதான் பூமி. 'இப்ப அடுத்த நட்சத்திரத்துக்கு ஒரு லட்டு வைக்கணும், எங்க வைக்கணும்?'னு கேட்டேன். 'நாக்பூர் தாண்டி வைக்கணும்!'னேன். அசந்து போயிட்டாவ. ரெண்டே நிமிசம்தான் பேசியிருப்பேன். செண்பகம் அரை மணி நேரம்ங்கா. அவளுக்கு எப்பவும் நேரக் கணக்கு சரியா வராது. அத்தைக்குக் கால் வலிச்சு நடுவுல உக்காந்துட்டாவன்னா அது அவிய உடம்பு.

முடிக்கும்போது மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தரு, 'அப்ப எங்க மச்சான் இத்தன வருசமா டிவியில என்னத்தச் சொல்லிட்டுக் கெடந்தாரு?'ன்னாரு. மாடியே சிரிச்சுது. தவசி மட்டும் சிரிக்கல. பாயாசத்த அப்பிடியே வச்சுட்டு எந்திரிச்சுட்டாரு.

அன்னைக்கு சாயங்காலம் விண்மதி வந்தா. பட்டுச் சேலைய மாத்தக் கூட இல்ல. 'அப்பா, மாமா என்ன சொல்ல வந்தாருன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா இல்லியா?'ன்னா. 'புரிஞ்சுது. ரொம்ப நாளைக்கு முன்னாலன்னு சொல்ல வந்தாரு'ன்னேன். 'புரிஞ்சா போதாதாப்பா?'ன்னா. போதாதும்மா, தப்பான சொல்லுல சரியான பொருள் வந்துட்டா அதுதான் ஆபத்து, எப்பிடின்னா அப்பிடின்னு நான் ஆரம்பிச்சேன். திரும்பிப் பாத்தா அவ இல்ல. அதுக்குப் பெறவு எங்கூடப் பேசல. கோவமெல்லாம் இல்ல, அண்ணாச்சி. பேச்சு மட்டும்தான் இல்ல. 'அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு'ன்னு அவ அம்மாகிட்டச் சொல்லுவா, நான் பக்கத்துலயே நிப்பேன்.

இதுக்குள்ள ஊருல ஒரு வேலை நடந்துட்டு. டீக்கடையில தவசிய 'ஒளியாண்டு வாராரு, ஒளியாண்டுக்கு ஒரு டீ'ன்னு ஆரம்பிச்சுட்டானுவ. வெளங்காத பயலுவ. எனக்கு வருத்தம்தான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, அதுக்கு முன்னால கோவில்பட்டியில எத்தன பேருக்கு ஒளியாண்டுன்னு ஒரு சொல்லு தெரியும்? இருபது வருசம் மன்றம் செய்யாதத ஒரு லட்டு செஞ்சிட்டு. இதத் தவசிகிட்டயே சொன்னேன், ஆறுதலா இருக்கட்டும்னு. அவரு டிவி நிகழ்ச்சிய நிறுத்திட்டாரு.

அடுத்த கூட்டத்துல அவரு தீர்மானம் கொண்டு வந்தாரு. தமிழ்ல ஆண்டுன்னா காலம். ஆகவே தமிழ்ல ஒளியாண்டும் காலம்தான். வெள்ளக்காரன் எதையும் அளந்துக்கிடட்டும், நமக்கு மொழி உண்டு, ஓட்டுக்கு விடுங்கன்னாரு. ஓட்டுக்கு! 'ஓட்டெடுத்து ஜெயிச்சா பூமி ஈர்க்காம விட்டுருமாங்க?'ன்னு கேட்டேன். கேக்க ஆளில்ல. கூட்டத்துக்கு டீயும் உளுந்த வடையும் அவரு செலவு பாத்தீயளா. நாலு பேரு அவருக்கு. நானும் கணக்கு வாத்தியாரும் எதிர்ப்பு. மருந்துக் கடைக்காரரு மட்டும் ரெண்டு பக்கமும் கை தூக்கல, 'நான் கோள்களோட சரி, நட்சத்திர விவகாரத்துல தலையிட மாட்டேன்'ட்டாரு. தீர்மானத்தச் சொல்லுதேன் கேளுங்க, மனப்பாடமா இருக்கு: 'இம்மன்றத்தைப் பொறுத்தவரை ஒளியாண்டு என்பது காலம். தேவைப்படின் தூரமாகவும் கொள்ளலாம்.' எப்பிடி! அன்னைக்கோட என் தலைவர் பதவியும் போச்சு.

சும்மா இருப்பேனா? ஆளுக்கொரு மறுப்பறிக்கை அடிச்சு வீடு வீடாக் குடுத்தேன். தவசி வீட்டுக்கும் போயி நிர்மலு கையிலயே குடுத்தேன். அவன் நல்ல பையன், வாசிச்சுட்டு 'சரிதான் மாமா'ன்னான். மறுநாள் தவசி வீட்டுல இருந்து ஆளு வந்துது, கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடலாம்னு.

தள்ளி வைக்கதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். செண்பகம் தரையில உக்காந்துட்டா. 'நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாவ, தவளை மாதிரி கத்திக் கத்தி பிள்ள வாழ்க்கையக் கெடுத்துட்டீங்களே'ன்னு அழுதா. நுணல்ங்கது தவளை இல்ல, மண்ணுக்குள்ள கெடக்க தேரை வகைன்னு சொன்னேன். ஒரு தகவலுக்காகத்தான் சொன்னேன். கரண்டிய எறிஞ்சுட்டா.

விண்மதி அழல. புறப்பட்டுத் தனியா தவசி வீட்டுக்குப் போனா. என்ன பேசுனாளோ, திரும்பி வந்து அம்மாகிட்டச் சொன்னா, குறிச்ச தேதியில கல்யாணம் நடக்கும்னு. ஒரே ஒரு வார்த்தை குடுத்துட்டு வந்திருக்கா: எங்கப்பா மைக்குல பேச மாட்டாரு. என் கல்யாணத்துல எங்கப்பா பேச மாட்டாரு. அடுக்களையில அவ அம்மாகிட்டச் சொல்லுதா, எனக்குக் கூடத்துல கேக்கு. அந்தா வாழ்த்துரைன்னு ஊர்ல உள்ளவன்லாம் வரிசையாப் பேசுதான், கேக்குதா? இப்பப் பேசுதவரு வட்டிக்கடைக்காரரு. 'நகமும் சதையுமா இருங்க'ன்னு சொல்லுதாரு. நகம் செத்த செல்லு, அண்ணாச்சி. இவருக்கெல்லாம் மைக்கு உண்டு. எனக்குக் கிடையாது.

போர்டு விசயத்தச் சொல்லலியே. காலையில மண்டபத்துக்குள்ள நுழைஞ்சேன். மேடைக்குப் பின்னால சுவரு முழுக்க ஃப்ளெக்ஸ். மன்றத்துச் சார்புல தவசி வச்சது. தலையச் சாச்சு தூணுக்கு இந்தப் பக்கமாப் பாருங்க, தெரியும். 'மணமக்கள் பல ஒலியாண்டுகள் வாழ்க.' நல்லாப் பாருங்க. என்ன எழுத்து? ஃப்ளெக்ஸ் கடைக்காரன் 'ளி'க்கு 'லி' போட்டுட்டான்! ஒலி! சத்தம்! ஏற்கெனவே தூரத்தக் காலம்னு சொல்லியாச்சு, இப்ப அது ஒளியும் இல்ல. ஒலி ஒரு வருசம் ஓடுனா ஒரு கோடி கிலோமீட்டர் சொச்சம், வெள்ளிக் கோளுக்குப் பாதி வழி கூட எட்டாது. அதுவும் ஓடவே ஓடாது, வெட்டவெளியில ஒலிக்குப் போக்கு ஏது? அந்த போர்டுக்கு அடியில எம் மக உக்காந்திருக்கா. போட்டோவுல விழுது. நான் தூணப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பொறுமை காட்ட முடியும்? செண்பகத்துகிட்டச் சொன்னேன். 'ஒலியாண்டுதான் சரி, கல்யாணம் கட்டுன நாளுலேர்ந்து நான் கேட்டுட்டு இருக்கது சத்தம்தான'ன்னா. அவளுக்குப் பகடி.

ஒண்ணு சொல்லட்டுமா? கோவம் போயிட்டு. இப்பப் பயமாத்தான் இருக்கு. தாலி கட்டும்போது பக்கத்துல நின்னேன். எல்லாரையும் நிமிந்து பாத்தா. எங்கிட்ட வரும்போது கண்ணத் தாழ்த்திட்டா. நாளைக்கு ரயில்ல ஏறி ஜன்னல் வழியாக் கையக் காட்டிட்டுப் போயிட்டான்னா, நான் என்ன செய்வேன்?

இருங்க. யாரு பேசுதது இப்ப? தவசியா? என்ன சொல்லுதாரு? பொண்ணோட தகப்பனாரா? நல்லாக் கேளுங்க, பொண்ணோட தகப்பனாருன்னா சொன்னாரு?

எம் பேரச் சொல்லுதாரு. இது வேணும்னே செய்யுதது. நான் சத்தியத்த மீறணும், ஊரு பாக்கணும். அந்தா செண்பகம் திரும்பி முறைக்கா. எல்லாரும் திரும்புதாவளே. போகலன்னாலும் தப்பு, போனாலும் தப்பு. இந்தத் துண்ட இப்பிடிச் சேர்ல போட்டுட்டுப் போறேன், எடத்த விட்டுராதீய.

*

வந்துட்டேன். எங்க போயிட்டீய? பந்திக்கா? அடப்பாவி அண்ணாச்சி, அப்ப நீங்க பாக்கவே இல்லியா? சத்தம் கேட்டுதுன்னு சொல்லுதீய, கேக்காம இருக்குமா. பாயாசம் எப்பிடி? நல்லதுதான். தண்ணி இருந்தாக் குடுங்க.

மேடை ஏறுனேன். தவசி மைக்க நீட்டுதாரு. முகத்த வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. நான் நெனச்சது இதுதான்: ஒரு கும்பிடு போடுதது, மைக்கத் திருப்பிக் குடுக்குதது, எறங்கிருதது. மைக்க வாங்கும்போது விண்மதியப் பாத்தேன். அவ மாப்பிள்ளை கைய இறுக்கிப் பிடிச்சுட்டுத் தரையப் பாத்துட்டு உக்காந்திருக்கா. ஊசி போடும்போது சின்னப் பிள்ளைக பல்லக் கடிச்சுட்டு இருக்கும்லா, அப்பிடி. எம் மகளுக்கு என்னப் பாத்துப் பயம், அண்ணாச்சி. நான் வாயத் தொறந்துருவேனோன்னு பயம். அவ கல்யாணத்துல, அவ அப்பன் பேசிருவானோன்னு.

எனக்குத் தாங்கல. அந்தப் பயத்த எப்பிடியாவது எடுத்துரணும்னுதான் இருந்துது. கும்பிட்டு எறங்குனாலும் அது போகாது. சத்தியம் கித்தியம் எல்லாம் மறந்து போச்சு. மைக்க வாய்க்கிட்ட வச்சு, எல்லாரும் கேக்குத மாதிரி, நிறுத்திச் சொன்னேன்:

'மணமக்கள் பல ஒளியாண்டுகள் வாழ்க.'

'ளி' மட்டும் சரியாச் சொல்லிட்டேன். அத விட்டுக்குடுக்க முடியல. மத்தது எல்லாத்தையும் விட்டுக் குடுத்துட்டேன். நான்! வீடியோவுல ஏறிட்டு. நான் செத்த பெறவும் அது இருக்கும். ஆவுடையப்பன் ஒளியாண்டைக் காலம்னு சொன்னாம்னு.

கணக்கு வாத்தியாரு முன் வரிசையில வாயப் பிளந்துட்டு உக்காந்திருக்காரு, அன்னைக்கு எனக்காகக் கை தூக்குனவரு. விண்மதி தலைய நிமித்தி என்னப் பாத்தா. மூணு மாசத்துக்குப் பெறவு நேரா என்னப் பாத்தா.

அப்பதான் தவசி எங்கையில இருந்து மைக்கப் பிடுங்குனாரு. இதுதான் பிடுங்குதது. 'ஓய் ஆவுடையப்பன்! என்னவே பேசுதீரு! ஒளியாண்டு தூரம்லாவே!'

'வே'! மைக்குல! அத்தன சம்பந்தக்காரங்க முன்னால 'வே'! மண்டபம் கொல்லுன்னு சிரிச்சுது. அவரு சிரிக்கல. ஜனங்கள் பக்கம் திரும்பிட்டாரு. 'என் நண்பர் உணர்ச்சிவசத்துல ஒரு சின்னப் பிழை விட்டுட்டாரு. ஒளியாண்டுங்கது என்ன?'ன்னு ஆரம்பிச்சுட்டாரு. தலைக்கு மேல அவரு வச்ச போர்டு. அவரு கொண்டு வந்த தீர்மானம். ஒண்ணும் ஞாபகம் இல்ல மனுசனுக்கு. ஒருத்தன் தப்பாச் சொல்லிட்டா அவரால பொறுக்க முடியாது. அது ஒரு வியாதி, அண்ணாச்சி. நல்லவேளை எனக்குக் கிடையாது.

சீர்த்தட்டுல இருந்து ஆரஞ்சுப் பழத்த எடுத்தாரு. இது சூரியன்னாரு. என்னோட லட்டு முறை! அதுல பூமியோட அளவ எங்கேயோ கொண்டு வச்சாரு. நிலாவுல இருந்து வெளிச்சம் வர எட்டு நிமிசம் ஆகும்னாரு. சூரியனுக்குத்தான் எட்டு நிமிசம். நிலான்னா ஒண்ணேகால் செகண்டு. என் வாய் தானாத் தொறந்துது. நான் தொறக்கல, அது தொறந்துது.

அப்ப ஒரு கை வந்து எங்கையப் பிடிச்சுது. மருதாணிக் கை. விண்மதி எந்திரிச்சு வந்து பக்கத்துல நிக்கா. 'அப்பா'ன்னா, மெதுவா. சும்மா இருங்கங்க மாதிரி ஒரு அழுத்து. நான் வாய மூடிட்டேன். தவசி செவ்வாய்க்குப் போனாரு, அங்க ஒரு தப்பு. வாய் தொறந்துது, அவ ஒரு அழுத்து. வியாழனுக்குப் போனாரு, அங்க ஒண்ணு. அதுக்கு ஒரு அழுத்து. கைய விடவே இல்ல, அண்ணாச்சி. விட்டா நான் பேசிருவேன்னு அவளுக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில சந்தையில பிடிச்ச மாதிரி, விரலு விரலாக் கோத்துப் பிடிச்சுட்டு நிக்கா.

அடுத்த பந்திக்கு நேரமாச்சுன்னு கீழ இருந்து சத்தம் போடுதானுவ. செண்பகம் சைகை காட்டுதா, முடிக்கச் சொல்லுங்கன்னு. நான் அவ கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். இந்த மனுசன் முடிச்சிருவாரோ, முடிச்சிருவாரோன்னு. இன்னும் எத்தனையோ கோள் கெடக்கு, அதுக்கு அங்கிட்டு நட்சத்திரம் கெடக்கு. எல்லாத்தையும் தப்புத்தப்பாச் சொல்லட்டும். பேசும்வே தவசி, நிறுத்திராதீரும், பேசும்னு நான் மனசுக்குள்ள கெஞ்சிட்டு நின்னேன்.